பன்றிக்கறி டம்ளிங்: அடி மொறுமொறு, மேலே மென்மை, உள்ளே சாறு

டம்ளிங் என்பது மைதா வட்டத்தில் பூரணம் வைத்து மடிக்கும் சீனக் கொழுக்கட்டை. அதைப் பற்றிய கேள்வி இது: "வீட்டில் பன்றிக்கறி டம்ளிங் செய்து வாணலியில் பொரித்தால் அடிப்பக்கம் கருகுகிறது, மேல் மடிப்பு தோல் மாதிரி விறைத்து நிற்கிறது, உள்ளே கறி இறுகிப்போய் உலர்ந்த உருண்டையாகிவிடுகிறது. உணவகத்தில் கடித்தால் சாறு வழிகிறதே, அது எப்படி?"

மூன்று குறைக்கும் காரணம் ஒன்றுதான்: தண்ணீர். மாவுக்குப் போதவில்லை, கறிக்குப் போதவில்லை, வாணலியில் சரியான நேரத்தில் சரியான அளவு விழவில்லை. பலரும் சாஸ் அளவையும் மடிப்பின் அழகையும் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். மடிப்பு கோணலாக இருந்தாலும் டம்ளிங் நன்றாக இருக்கும். தண்ணீர்க் கணக்கு தப்பினால் எவ்வளவு அழகாக மடித்தும் பயனில்லை. அதனால் இந்தப் பதில் முழுக்கத் தண்ணீரைப் பின்தொடர்ந்துதான் போகும்.

முதலில், எந்த டம்ளிங்கைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வட சீனத்தில் ஜியாவ்ஸி என்றால் பெரும்பாலும் கொதிநீரில் வேகவைப்பதுதான். சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின இரவு குடும்பமே சுற்றி உட்கார்ந்து மடிப்பது அதைத்தான். மிகப் பழைய உணவு இது. ஷின்ஜியாங்கின் துர்ஃபானில் உள்ள அஸ்தானா கல்லறைகளில் தாங் அரசர் காலத்து டம்ளிங்குகள் வறண்ட மண்ணில் உலர்ந்து, வடிவம் கெடாமல் கிடைத்திருக்கின்றன. அதே டம்ளிங்கை வாணலியில் வைத்து அடி சிவக்கச் செய்தால் குவோதியே. ஜப்பானின் கியோஸா இதன் உறவு. இரண்டாம் உலகப் போர் முடிந்து வடகிழக்குச் சீனத்தின் மஞ்சூரியாவிலிருந்து திரும்பிய ஜப்பானியர்கள் வழியாகத்தான் அது அங்கே பரவலாகி, உட்சுனோமியா, ஹமமாட்சு போன்ற ஊர்களின் அடையாளமாகவே ஆனது. கியோஸாவின் மேல்மாவு மெல்லியது, பூரணத்தில் பூண்டு தூக்கலாக இருக்கும். குவோதியேவின் மாவு சற்றுத் தடிமன், கறியின் ருசிதான் முன்னால் நிற்கும். நீங்கள் கேட்ட சாறு வழியும் வகை குவோதியே என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். கீழே வரும் அளவு சுமார் 40 டம்ளிங்குக்கு.

மாவிலிருந்து தொடங்கலாம். வேகவைக்கும் ஜியாவ்ஸிக்குப் பச்சைத் தண்ணீரில் பிசைவார்கள். கொதிநீரில் புரண்டு முட்டி மோதினாலும் கிழியாத உறுதி அதற்கு வேண்டும். வாணலி டம்ளிங்குக்கு அந்த உறுதியே எதிரி. அது புரளப்போவதில்லை, அசையாமல் உட்கார்ந்து ஆவியில்தான் வேகப்போகிறது. ஆகவே கொதிக்கும் தண்ணீரில் பிசைய வேண்டும். கொதிநீர் பட்டதும் மைதாவின் மாவுச்சத்து அங்கேயே பாதி வெந்து வீங்கி, நிறையத் தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. மாவுக்கு இழுவை தரும் புரதமும் சூட்டில் பலம் குறைந்துவிடுகிறது. அதனால் உருட்டும்போது மாவு சுருங்கித் திரும்புவதில்லை, வாணலிச் சூட்டில் சீக்கிரம் காய்வதும் இல்லை. உங்கள் டம்ளிங்கின் மேல் மடிப்பு விறைத்துப்போவது நீங்கள் பச்சைத் தண்ணீரில் பிசைந்ததால்தான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன்.

முழுக்க முழுக்கக் கொதிநீர் ஊற்றினாலும் சிக்கல்தான். மாவு களி போல ஆகி, மெல்லியதாக உருட்டினால் பிய்ந்துவிடும். நடுவழி எடுப்பது நல்லது. 300 கிராம் மைதாவில் கால் தேக்கரண்டி உப்பு போட்டு, நன்றாகத் தளதளவென்று கொதித்த தண்ணீர் 120 மி.லி. எடுத்து, சாப்ஸ்டிக்காலோ கரண்டிக் காம்பாலோ கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். உதிரி உதிரியாகத் திரளும். இரண்டு நிமிடம் சூடு தணியட்டும். அப்புறம் பச்சைத் தண்ணீர் 50 மி.லி. சேர்த்துக் கையால் பிசையுங்கள். மைதாவுக்கு மைதா உறிஞ்சும் திறன் மாறும், எனவே கடைசி 10 மி.லி.யைக் கையில் வைத்திருந்து, மாவைத் தொட்டுப் பார்த்துச் சேர்ப்பது நல்லது. மாவு மெத்தென்று, கையில் ஒட்டுமோ ஒட்டாதோ என்ற நிலையில் இருக்க வேண்டும். முதலில் கரடுமுரடாகத்தான் தெரியும். மூடி வைத்து 15 நிமிடம் கழித்து மறுபடி இரண்டு நிமிடம் பிசைந்தால் வழவழப்பாகிவிடும். பிறகு இன்னும் ஒரு அரை மணி நேரமாவது ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். இந்த ஓய்வைச் சுருக்காதீர்கள். தண்ணீர் மாவெங்கும் சீராகப் பரவுவது இந்த நேரத்தில்தான், அதன் பலன் உருட்டும்போது தெரியும்.

அந்த அரை மணி நேரத்தில் பூரணம் செய்துவிடலாம். இங்கேதான் உங்கள் டம்ளிங் அதிகம் தோற்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கறி 400 கிராம், பன்றியின் தோள்பகுதியிலிருந்து. கொழுப்பு நான்கில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்கு இருந்தாலும் தப்பில்லை. உடம்புக்கு நல்லது என்று கொழுப்பில்லாத கறியைக் கேட்டு வாங்கினால் இந்த உணவு வராது, அதை வேறு சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் அரைத்துத் தரும் கொத்துக்கறி போதும். நேரமிருந்தால் துண்டாக வாங்கி நீங்களே கத்தியால் கொத்திப் பாருங்கள். பெரியதும் சிறியதுமாகக் கலந்து வருவதால் கடிக்கும்போது கறி கறியாகவே தெரியும். எப்படியிருந்தாலும் கறி குளிர்ந்திருக்க வேண்டும். கைச்சூட்டில் கொழுப்பு உருகினால் பூரணம் பிசுபிசுவென்று ஆகி, வெந்தபின் எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கும். கறியைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து கடைசி நிமிடத்தில் வெளியே எடுங்கள், கலக்கும் பாத்திரத்தையும் அதற்குள்ளேயே வைத்திருந்து எடுங்கள்.

இஞ்சித் தண்ணீர் தயாராக இருக்கட்டும். ஒரு விரல் நீள இஞ்சியையும் இரண்டு வெங்காயத்தாளையும் நசுக்கி 120 மி.லி. தண்ணீரில் கையால் பிசைந்து, பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டினால் 100 மி.லி. கிடைக்கும். வாசனை முழுவதும் தண்ணீரில் இறங்கிவிடும், இஞ்சி நார் பல்லில் மாட்டாது. கோழி எலும்பு வேகவைத்த சாறு இருந்தால் பாதியளவு அதைக் கலந்துகொள்ளலாம். சூடாக ஊற்றாதீர்கள், குளிரவைத்தே பயன்படுத்துங்கள்.

இப்போது கறியில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி ஷாவ்ஷிங் அரிசி ஒயின், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி வெள்ளை மிளகுத்தூள் சேர்த்து ஒரே திசையில் சுற்றிக் கிளறுங்கள். ஒரு நிமிடத்தில் கறி இறுகத் தொடங்கும். அப்போது இஞ்சித் தண்ணீரை இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிக் கிளறுங்கள். முதலில் தண்ணீர் விலகி நிற்பதுபோல் இருக்கும், பிறகு கறி முழுவதையும் குடித்துவிடும். குடித்தபின் அடுத்த இரண்டு மேசைக்கரண்டி. இப்படியே 80 முதல் 100 மி.லி. வரை போகும். உப்பு கறியின் புரதத்தைக் கரைத்து வெளியே இழுக்கிறது. கிளறக் கிளற அது பசைபோல ஒட்டி, தண்ணீரையும் கொழுப்பையும் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. வேகும்போது அந்தத் தண்ணீர்தான் சாறாக வருகிறது. உணவகத்து டம்ளிங்கின் ரகசியம் என்று நீங்கள் தேடுவது இந்த ஐந்து நிமிடக் கிளறல்தான். ஒரே திசையில் சுற்ற வேண்டும் என்று எல்லாச் சீனச் சமையல்காரரும் சொல்வார்கள். திசையைவிட விடாமல் கிளறுவதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். ஆனால் ஒரே திசையில் சுற்றினால் கை ஒரு தாளத்தில் ஓடும், நடுவில் நிறுத்தத் தோன்றாது, அதனால் நானும் அப்படியே செய்கிறேன். பூரணம் கரண்டியைத் தூக்கினால் இழுபட்டு, பாத்திர ஓரத்தில் இழைகளாக ஒட்டினால் சரியான பதம். தண்ணீராக ஓடினால் இன்னும் கிளற வேண்டும் என்று பொருள்.

கறிக்குத் தண்ணீர் ஊட்டிய அதே கையால் முட்டைகோஸிலிருந்து தண்ணீரைப் பிழிந்து எடுக்க வேண்டும். முரண்பாடாகத் தெரியலாம். கறிக்குள் பூட்டிய தண்ணீர் அங்கேயே நிற்கும். காயின் தண்ணீருக்குப் பிடிமானம் கிடையாது. அது மடித்து வைத்த சில நிமிடங்களிலேயே கசிந்து மாவின் அடியை நனைத்துக் கிழித்துவிடும். சீன முட்டைகோஸ் 300 கிராம் எடுத்துப் பொடியாக நறுக்கி, முக்கால் தேக்கரண்டி உப்பு பிசிறி 20 நிமிடம் வைத்து, துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். பாதியாகச் சுருங்கும். பூண்டு வாசம் கொண்ட தட்டைத் தாளான ஜியூசாய் கிடைத்தால் முட்டைகோஸுக்குப் பதில் அதை ஒரு கட்டு போடலாம். பன்றிக்கறிக்கும் அதற்கும் அப்படி ஒரு பொருத்தம். அதை மட்டும் உப்புப் போட்டுப் பிழியக் கூடாது, வாசனை போய்விடும். பொடியாக நறுக்கி ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பிசிறிக் கடைசியாகச் சேர்த்தால் எண்ணெய்ப் பூச்சு ஈரம் வெளியேறாமல் தடுக்கும். எந்தக் காயானாலும், அதோடு நறுக்கிய வெங்காயத்தாள் ஒரு கைப்பிடியும் எள்ளெண்ணெய் ஒரு மேசைக்கரண்டியும் மடிக்கத் தொடங்கும் முன் கறியில் சேர்த்து இலேசாகப் புரட்டுங்கள். எள்ளெண்ணெய் என்று நான் சொல்வது வறுத்த எள்ளில் எடுத்த கருஞ்சிவப்பு எண்ணெய். வறுக்காத எள்ளின் எண்ணெயில் அந்த மணம் இருக்காது. எண்ணெயை முதலிலேயே ஊற்றினால் கறி தண்ணீரைக் குடிக்காது என்பதால்தான் இந்த வரிசை.

உப்பு பார்க்கப் பச்சைக் கறியை நாக்கில் வைக்காதீர்கள். ஒரு சிட்டிகை எடுத்துச் சூடான வாணலியில் ஒட்டி வேகவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். மாவில் உப்பு மிகக் குறைவு, எனவே பூரணம் தனியாகச் சாப்பிடும்போது ஒரு பிடி தூக்கலாக இருப்பதுதான் சரி. பூரணத்தை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்தால் இறுகி, அள்ளி வைக்க எளிதாகிவிடும்.

மாவை நீளமாக உருட்டி 40 துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 11, 12 கிராம் வரும். உள்ளங்கையால் தட்டி, சின்ன உருட்டுக்கட்டையால் ஓரத்திலிருந்து நடுவரை தேய்த்துத் திரும்ப வெளியே வந்து, மறு கையால் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிக்கொண்டே போங்கள். நடு தடிமனாகவும் ஓரம் மெல்லியதாகவும் 8, 9 செ.மீ. வட்டம் வரும். ஓரங்கள் மடிப்பில் ஒன்றன்மேல் ஒன்று சேரும்போது நடுவின் தடிமனுக்கு ஈடாகிவிடும். உருட்டாத துண்டுகளை ஈரத்துணியால் மூடி வையுங்கள்.

கடையில் வாங்கும் வட்டங்களைப் பயன்படுத்துவதில் தப்பே இல்லை. வேலை நாளில் நானும் அதைத்தான் எடுப்பேன். அவை பெரும்பாலும் கியோஸா பாணியில் மெல்லியதாக இருக்கும், ஒட்டாமலிருக்க மேலே மாவுத்தூள் தூவியிருக்கும். ஆகவே ஓரத்தில் விரலால் தண்ணீர் தடவித்தான் ஒட்ட வேண்டும். வீட்டில் பிசைந்த மாவுக்கு அது தேவையில்லை.

வட்டத்தின் நடுவில் ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றே கூடுதலாக, 17 கிராம் அளவுக்குப் பூரணம் வைத்து, பாதியாக மடித்து நடுவில் அழுத்துங்கள். பிறகு முன்பக்க ஓரத்தை மட்டும் இருபுறமும் இரண்டு மூன்று மடிப்பாக நடுவை நோக்கிக் கொசுவி, பின்பக்கத்தோடு ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் சுருங்குவதால் டம்ளிங் தானாகவே பிறைபோல வளைந்து, அடி தட்டையாகி நேராக உட்காரும். வாணலியில் சிவப்பது அந்தத் தட்டையான அடிதான். கொசுவ வராவிட்டால் கவலை வேண்டாம், காற்றில்லாமல் வெறுமனே ஒட்டி அடியை மேசையில் இலேசாகத் தட்டுங்கள், அதுவே போதும். பெய்ஜிங், தியன்ஜின் பக்கம் குவோதியேவை நீளமாக மடித்து இரு முனையும் திறந்தே விடுவதும் உண்டு.

இனி வாணலி. மூடி சரியாகப் பொருந்தும் தட்டையான நான்ஸ்டிக் அல்லது நன்றாகப் பழகிய வார்ப்பிரும்பு வேண்டும். 28 செ.மீ. வாணலியில் 18, 20 டம்ளிங் கொள்ளும். மிதமான தீயில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் டம்ளிங்குகளை அடுக்குங்கள். இரண்டு நிமிடத்தில் அடி வெளிர்ப் பொன்னிறமாகும். அத்தோடு போதும், இன்னும் சிவக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்களுக்கு அடி கருகுவது இந்த இடத்தில்தான். முழுச் சிவப்பும் முதலிலேயே வந்துவிட்டால் கடைசியில் தண்ணீர் வற்றியபின் வரும் சூடு அதைக் கருக்கிவிடும்.

வெளிர்ப் பொன்னிறம் வந்ததும் ஒரு கையில் மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, வெந்நீர் 100 முதல் 120 மி.லி. வரை ஓரமாக ஊற்றுங்கள். டம்ளிங்கின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை ஏறினால் சரி. எண்ணெய் பலமாகத் தெறிக்கும், உடனே மூடிவிடுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வாணலி ஆறிப்போய், மாவு தண்ணீரில் ஊறிக் குழைந்துவிடும், அதனால்தான் வெந்நீர். மூடியபின் ஆறேழு நிமிடம் நடுத்தரத் தீ. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அடியின் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, அதனால் சிவப்பு அப்படியே நிற்கும், மேல்மாவும் கறியும் ஆவியில் வேகும். தண்ணீர் தீர்ந்தபிறகுதான் சூடு ஏறி மறுபடி பொரியத் தொடங்கும். பன்றிக் கொத்துக்கறியின் நடு 71 டிகிரியைத் தொட வேண்டும். வெப்பமானி இருந்தால் முதல் தடவை ஒன்றைக் குத்திப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒன்றை வெட்டிப் பார்த்து, கறி நடுவரை நிறம் மாறி இறுகியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

மூடியைத் திறக்கும் நேரத்தைக் காதுதான் சொல்லும். தண்ணீர் இருக்கும்போது கொதிக்கும் சத்தம் கனமாகக் கேட்கும். வற்ற வற்ற அது மெலிந்து படபடவென்று எண்ணெய் பொரியும் சத்தமாக மாறும். அப்போது திறந்து, ஓரமாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, வாணலியைச் சுழற்றிச் சுழற்றி இரண்டு நிமிடம் விடுங்கள். அடி நல்ல பொன்னிறமானதும் டம்ளிங் தானாக நகரத் தொடங்கும். நகரவில்லை என்றால் கரண்டியால் சுரண்டிக் கிழிக்காதீர்கள், இன்னும் அரை நிமிடம் பொறுங்கள், அல்லது அடுப்பை அணைத்து மூடி ஒரு நிமிடம் வையுங்கள், விட்டுவிடும்.

அடியில் வலைபோல மொறுமொறுப்பான தகடு வேண்டுமென்றால் வெறும் தண்ணீருக்குப் பதில் 10 கிராம் மைதா, 100 மி.லி. தண்ணீர், 10 மி.லி. எண்ணெய் கலந்து ஊற்றுங்கள். தண்ணீர் ஆவியாகிப் போன இடங்கள் ஓட்டையாக, மாவு மட்டும் சல்லடையாக மிஞ்சிச் சிவக்கும். ஜப்பானில் இதைக் கியோஸாவின் இறக்கை என்பார்கள், டோக்கியோவின் கமாதா பகுதி இதற்குப் பேர்போனது. வாணலிமேல் தட்டைக் கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் முழுசாக விழும். மாவைக் கூட்டினால் தகடு தடித்து வறட்டி ஆகிவிடும், கூட்ட வேண்டாம்.

தொட்டுக்கொள்ளக் கறுப்பு வினிகர் போதும். ஜியாங்சு மாகாணத்துச் சென்ஜியாங் வினிகர் பசையரிசியில் செய்வது, புளிப்போடு மெல்லிய இனிப்பும் உண்டு. ஷான்ஷி மாகாணத்து முதிர்ந்த வினிகர் சோளத்தை (மக்காச்சோளம் அல்ல) முதன்மையாகக் கொண்டு செய்வது, இன்னும் காரசாரமாக ஏறும். எனக்குப் பிடித்தது மூன்று பங்கு சென்ஜியாங் வினிகருக்கு ஒரு பங்கு சோயா சாஸ், ஊசியாக அரிந்த இஞ்சி, விரும்பினால் மிளகாய் எண்ணெய். கறியின் கொழுப்பை வெட்டப் புளிப்புதான் வேண்டும், பூரணத்திலேயே உப்பு இருப்பதால் சோயா சாஸைக் கூட்டத் தேவையில்லை.

நாற்பதையும் ஒரே வேளையில் சாப்பிடப் போவதில்லை என்றால், மடித்த டம்ளிங்கை மேசையில் காத்திருக்க விடாதீர்கள், 20 நிமிடத்தில் அடி நனைந்து ஒட்டிக்கொள்ளும். மாவு தூவிய தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி ஃப்ரீசரில் வைத்து, கல்லாக இறுகியபின் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். ஒரு மாதம் ருசி குறையாமல் இருக்கும், அதற்குமேல் ஓரங்கள் காய்ந்து வெடிக்கும். சமைக்கும்போது உருகவிடக் கூடாது. உருகினால் மாவு குழைந்து தட்டோடு போய்விடும். உறைந்தபடியே எண்ணெயில் அடுக்கி, தண்ணீரை 150 மி.லி.யாகக் கூட்டி, மூடி வைக்கும் நேரத்தை 9, 10 நிமிடமாக்குங்கள். மற்றபடி எல்லாம் அதே முறைதான், கடைசியில் அந்தச் சத்தம் மாறும்வரை மூடியைத் தொடாதீர்கள்.